வடகரையில் பூஜ்யம்

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. மூட்டுவலி மட்டும் சொல்லாமல் வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, போய்விடும். உன் முதுகு எப்படி? கப்பலில் சமைக்கிறவன் அதே ஆள்தானா, இல்லை உங்களையெல்லாம் பட்டினி போட்டுவிட்டு ஓடிவிட்டானா?

நீ போன் செய்தாயாமே. மணி அடித்து அடித்து ஓய்ந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கியாயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் அதைக் காதில் ஒட்டிக்கொள்ள மனசில்லை. நீ எழுது. கரை தொடும்போது தபாலில் போடு. கடிதம் என்றால் இரண்டு தடவை படிக்கலாம்.

எங்கள் குளத்துக் கூட்டம் நன்றாக நடக்கிறது. பல் டாக்டர்தான் இன்னும் தலைவர். அப்புறம் தையல்காரம்மா, நான், இன்னும் ஏழெட்டுப் பேர். இத்தனை கட்டடங்களுக்கு நடுவில் ஒரு குளம் பிழைத்துக் கிடக்கிறதென்றால், நாங்கள் பத்து வருஷமாக ஞாயிறு தவறாமல் போய் நிற்பதும் ஒரு காரணம். குப்பை பொறுக்குவோம், வேலி கட்டுவோம், பறவைகளை எண்ணுவோம். எண்ணுவதற்கு ஆளுக்கு ஒரு கரை. அவரவர் கரையில் பத்து நிமிடம் அசையாமல் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் தாளில் எழுத வேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது. ஒருவர் தாளில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. இதுதான் எங்கள் சட்டம்.

எனக்கு வடகரை. முழுக்க நாணல். அதற்குள் கட்டைவிரல் அளவில் ஒரு குருவி இருக்கிறது. பெரும்பாலும் கண்ணில் படாது, குரலை வைத்துத்தான் எண்ண வேண்டும். அவ்வளவு மெல்லிய குரல் என்பதால் நாங்களே ஊசிக்குருவி என்று பெயர் வைத்துக்கொண்டோம். "பாம்புச் செவி அக்கா இருக்கும்போது வடகரைக்கு வேற ஆள் எதுக்கு?" என்பார் டாக்டர். பாம்புச் செவி என்று யாராவது சொன்னால் எனக்குத் தலை கொஞ்சம் கனக்கும், உன்னிடம் மறைப்பானேன்.

இந்த வாரம் மூன்று. ஐந்து வருஷத்துக்கு முன்னால் முப்பது இருந்தது. காலையில் பனி தண்ணீர்மேல் இறங்கி நிற்கிறது. நாணல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அதற்குள் நிற்கும்போது நான் இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லையோ என்று சந்தேகம் வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு முதுகாகத்தான் இருக்கிறது. சமையல்காரன் ஓடவில்லை, ஓடியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். நீ மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, கடிதத்தில் புலம்பினால் வலி போகாது.

மூன்று நாளாக மூடுபனி. கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக இன்ஜின் அறை மெக்கானிக்காக இருக்கிறவனுக்கு அது நின்றால் தூக்கம் எப்படி வரும்? மேல்தளத்துக்குப் போனேன். கடல் இல்லை, வானம் இல்லை, கையை நீட்டினால் விரல் நுனி இல்லை. எங்கோ இன்னொரு கப்பல் ஊதியது. அது எந்தத் திசை என்று ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள். அக்கா இருந்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊசிக்குருவி எப்படிக் கத்தும்? எழுத்தில் எழுதிக் காட்டு, பார்க்கலாம். படுத்துக்கொண்டே நானும் கத்திப் பார்க்கிறேன். இங்கே வேறு பொழுதுபோக்கு கிடையாது.

உன் தம்பி

*

ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், வலி குறைந்தது. நீ சொன்னதால் இல்லை, வெயில் வந்துவிட்டதால்.

குருவியின் குரலை எழுதிக் காட்டச் சொன்னால் நான் எங்கே போவது! மொடமொடப்பான துணியில் ஊசி ஏறி இறங்குகிற மாதிரி என்று தையல்காரம்மா சொல்வாள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அதுவும் இப்போது இல்லை. நான்கு ஞாயிறாக வடகரையில் பூஜ்யம். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் கேட்டதைத்தானே எழுத வேண்டும்? மற்றபடி குளம் அழகாக இருக்கிறது. தட்டாரப்பூச்சிகள் கண்ணாடி மாதிரி மினுங்குகின்றன. வெள்ளைக் கொக்கு ஒன்று தினமும் ஒரே கல்லில் நிற்கிறது. மேகம் தண்ணீரில் இறங்கி மெதுவாக இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போகிறது. எல்லாம் தூக்கத்தில் நடப்பது போல ஓசைப்படாமல் நடக்கிறது.

ஒரு கனவு வந்தது. எக்ஸ்சேஞ்ச் பலகை அப்படியே குளத்துக்குள் நிற்கிறது. நாணல்தான் கம்பிகள். ஒவ்வொரு விளக்காக எரிகிறது, யாரோ கூப்பிடுகிறார்கள். நான் கம்பியைச் செருகி, "சொல்லுங்க, யாரு வேணும்?" என்கிறேன். மறுபக்கம் பேச்சே இல்லை. அடுத்த விளக்கு எரிகிறது. அதிலும் இல்லை. விடியும்வரை எல்லா விளக்கும் எரிந்துகொண்டே இருந்தன. எழுந்தபோது தலையணை ஈரமாக இருந்தது.

வயதானால் கனவுக்குக்கூட வேலை குறைவதில்லை போலிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. நடுக்கடலில் இருப்பாய். நல்லபடியாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இங்கே இடி விழுந்திருக்கிறது. நகராட்சி வடகரையை மண் போட்டு மூடி, பேருந்துகள் நிற்கிற இடமாக ஆக்கப் போகிறதாம். குளத்தைத் தொட மாட்டார்களாம், நாணல் மட்டும்தானாம். நாணல் போனால் அப்புறம் அது என்ன குளம், பெரிய தொட்டி! நாங்கள் ஆறு பேர் போய்ப் பொறியாளரைப் பார்த்தோம். அரை மணி நேரம் பேசினோம். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் அவர் மேசையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துப் போட்டார். எங்கள் தாள்கள்தான், மாதா மாதம் நாங்களே நகல் கொடுப்பது.

"அம்மா, நாங்க ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு முடிவெடுக்கல. வடகரையில பூஜ்யம், பூஜ்யம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? ஒண்ணுமில்லாத இடத்தைத்தான் எடுக்கிறோம்."

எழுந்து வந்துவிட்டோம். படி இறங்கும்போது தையல்காரம்மா என் பக்கத்தில் வந்து, "அக்கா, போன வாரம் உங்க கரைப் பக்கமா வந்தேன். ஊசிக்குருவி கத்தின மாதிரி இருந்துச்சே" என்றாள்.

"நாள் பூரா தையல் மிஷின்கிட்ட உட்கார்ந்திருக்கிற காது. உனக்கு எல்லாமே ஊசியாத்தான் கேட்கும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. எங்களுக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டாள்.

நான் சொன்னதில் தப்பில்லையே? பத்து வருஷமாக வடகரையில் நிற்பது நானா, அவளா?

அக்கா

*

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இரண்டு கடிதமும் இந்தத் துறைமுகத்தில் ஒன்றாகக் கிடைத்தன. ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ என்மேல் கோபப்படுவாய், பரவாயில்லை.

உன் கடிதங்களில் சத்தம் இல்லை, அக்கா. கொக்கு நிற்கிறது, மேகம் போகிறது, தட்டாரப்பூச்சி மினுங்குகிறது. எதுவும் கத்தவில்லை, கூப்பிடவில்லை. போன வருஷம் எனக்கு எழுதியபோது தவளைக்கும் தண்ணீர்க்கோழிக்கும் நடந்த சண்டையை ஒரு பக்கத்துக்கு எழுதினாய். நான் கேட்ட குருவிக் குரலைக்கூடத் தையல்காரம்மா சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறாய். போனை எடுப்பதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனி எங்கள் காதைச் சோதிக்கும். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். மூன்று வருஷமாக எனக்குப் பாதி கேட்பதில்லை. கீச்சென்ற மெல்லிய சத்தம்தான் முதலில் போகும், மற்றதெல்லாம் கேட்கும், அதனால் நமக்கே தெரியாது. சோதிக்கிற பெண் சத்தத்தை அனுப்பும்போது அவள் தோள் லேசாக அசையும். அந்தத் தோளைப் பார்த்துப் பார்த்து அழுத்திவிடுவேன். ஒவ்வொரு வருஷமும் பாஸ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை எனக்குத் தெரியும், அதனால் கேட்கிறேன்.

அக்கா, உனக்குக் காது கேட்கிறதா?

உன் தம்பி

*

ஜூலை 5

தம்பிக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன். என் காதும் நலமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்கிறது. உன் திருட்டுத்தனத்தை என் தலையில் கட்டாதே. இப்படியெல்லாம் எழுதுவதானால் எழுதவே வேண்டாம்.

அக்கா

*

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

"எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்றானாம் ஒருவன். யாரும் கேட்காத குழாயைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள். ஆனால் பதில் போடு.

இங்கே கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடக்கிறது. உன்னோடு சண்டை போட்டுவிட்டு இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 22

அக்கா,

இரண்டு துறைமுகம் தாண்டிவிட்டது, உன்னிடமிருந்து எதுவும் இல்லை. திட்டியாவது ஒரு வரி எழுது. இன்னொரு துறைமுகம் காலியாக இருந்தால் என்னால் தாங்க முடியாது.

உன் தம்பி

*

செப்டம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கம். இல்லை, நன்றாக இல்லை.

உன் ஜூன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன், அப்புறம் பொறுக்கி ஒட்டினேன். ஒட்டியும் ஒரு மாதம் ஒன்றும் செய்யவில்லை. போன மாதம் ஒரு நாள் விடிந்ததும் தனியாக வடகரைக்குப் போனேன். கிழக்குப் பக்கத்தில் ஜூலை மாதமே லாரிகள் வந்து மண் கொட்டிவிட்டன. "அளவு பார்க்கிறோம்" என்றார்கள். அளவு பார்க்க அத்தனை மண்ணா? நாணலில் கால்வாசி அதற்கடியில்.

மீதி நாணலில் போய் நின்றேன். பனி கலைந்துகொண்டிருந்தது. லேசில் கண்ணில் படாத அந்தக் குருவி அன்றைக்கு, நான்கு அடி தூரத்தில், ஒரு நாணல் நுனியில் ஏறி உட்கார்ந்தது. தண்டு வளைந்து ஆடியது. அது அலகைத் திறந்தது. தொண்டை துடித்தது, நெஞ்சு இறகு சிலிர்த்தது, வால் நடுங்கியது. உடம்பு முழுவதையும் திரட்டி அது கத்துகிறது, தம்பி. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. என் முகத்துக்கு நேராக அலகைத் திறந்து திறந்து மூடியது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காது டாக்டரிடம் போனேன். ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார். கோடு நேராகப் போய்ச் சட்டென்று படியிறங்குகிறது. இரண்டு வருஷமாவது ஆகியிருக்கும் என்கிறார். பிப்ரவரியில் மூன்று என்று எழுதினேனே, அதுவும் பொய். கேட்டதாக நினைத்துக்கொண்டு எழுதியது. பூஜ்யம் எழுத ஆரம்பித்தபோதுதான் சட்டப்படி நடந்தேன், அந்தப் பூஜ்யம்தான் லாரியைக் கூட்டிக்கொண்டு வந்தது.

15ஆம் தேதி நகராட்சியில் பொதுக்கூட்டம். அதோடு முடிவு. பல் டாக்டர் எங்களிடம் சொல்கிறார்: "ஒரு தாள் தப்புன்னு தெரிஞ்சா போதும், பத்து வருஷத் தாளையும் குப்பையில போட்டுடுவாங்க. ஜாக்கிரதையா பேசணும்." என் விஷயம் தெரியாமல்தான் சொல்கிறார். நான் வாயைத் திறந்தால் எல்லாருடைய உழைப்பும் போய்விடுமோ? திறக்காவிட்டால் நாணல் போய்விடும். அதைவிடக் கேவலமான பயம் ஒன்றும் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் என் காதுக்குத்தான் மரியாதை, குளத்தில் என் காதுக்குத்தான் மரியாதை. அது போய்விட்டது என்று சொன்ன பிறகு என்னை எதற்குக் கூப்பிடுவார்கள்?

நான் என்ன செய்யட்டும்?

அக்கா

*

செப்டம்பர் 30

என் அன்பான அக்காவுக்கு,

இன்றைக்குத்தான் உன் கடிதம் கிடைத்தது. கூட்டம் முடிந்து பதினைந்து நாள் ஆகிவிட்டது. என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய், நான் என்ன சொன்னாலும் இனி உனக்கு உதவாது.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துறைமுகச் சுவரோரம் வெகுநேரம் நடந்தேன். நீ பேசியிருப்பாய் என்று ஒரு நிமிடம் தோன்றுகிறது, பேசாமல் வந்திருப்பாய் என்று மறு நிமிடம். பேசாமல் வந்திருந்தாலும் நீ என் அக்காதான். உன்னைக் குறை சொல்ல நான் யார்? நான் இன்னும் அந்தப் பெண்ணின் தோளைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன்.

என்ன நடந்தது, எழுது. சாப்பிடாமல் இருக்காதே.

உன் தம்பி

*

அக்டோபர் 20

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இடது காதுக்கு ஒரு கருவி வந்திருக்கிறது. பேச்சு தெளிவாகக் கேட்கிறது. அந்தக் குருவியின் சத்தத்துக்கு அது பயன்படாதாம், அந்த இடம் அடியோடு போய்விட்டது என்கிறார் காது டாக்டர்.

பேசினேன். காலையில் போகும்போது பேசுவதாக இல்லை, காதுத் தாளை மட்டும் பையில் வைத்திருந்தேன். பொறியாளர் எழுந்து, "வடகரையில உயிரினம் எதுவும் இல்லைன்னு தன்னார்வலர்களே பதிவு செஞ்சிருக்காங்க" என்று என் தாளை உயர்த்திக் காட்டினார். என் கையெழுத்து. அதைப் பார்த்ததும் கால் தானாக எழுந்துகொண்டது.

"வடகரையில குருவி இல்லாம போகல. எனக்குத்தான் காது போயிடுச்சு" என்றேன்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பொறியாளர், "அப்ப நீங்க எல்லாரும் எழுதினது எல்லாமே சந்தேகம்தானே?" என்றார். பல் டாக்டர் பயந்த அதே கேள்வி.

"வடகரைத் தாள் நான் எழுதினது. அதுல கடைசி ரெண்டு வருஷம் தப்பு. மத்தத் தாளெல்லாம் மத்தவங்க எழுதினது. ஒருத்தர் தாள்ல இன்னொருத்தர் கை வைக்க மாட்டோம், அதுதான் எங்க சட்டம்" என்று காதுத் தாளை நீட்டினேன். அப்புறம் தையல்காரம்மாவைக் காட்டி, "இவங்க கேட்டுச்சுன்னு மே மாசமே சொன்னாங்க. நான்தான் கேலி பண்ணி வாயை அடைச்சேன்" என்றேன். எத்தனை சத்தமாகப் பேசினேனோ தெரியவில்லை.

மண் கொட்டுவதை ஆறு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குள் வடகரையைப் புதிதாக எண்ணிக் கொடுக்க வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து, நகராட்சி ஆள் ஒருவர் முன்னால். வெற்றி என்று சொல்ல மாட்டேன். பல் டாக்டர் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தபோது, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். நியாயம்தானே. நான் வீம்பு பிடித்த ஒவ்வொரு நாளும் லாரி வந்துகொண்டுதான் இருந்தது.

நான் இனி வரவில்லை என்று தையல்காரம்மாவிடம் சொன்னேன். "நல்லா இருக்கே! எனக்குக் காது இருக்கு, கோடு போட்ட தாள்ல கட்டம் கட்டமா எழுத யாரு இருக்கா? பேசாம வாங்க" என்றாள். நாணலோரம் நின்று பேசினால் குருவி வாயை மூடிக்கொள்ளும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். புது இடத்திலிருந்து ஒரு குரல் கேட்டால் ஒரு தட்டு. நான் எழுதுவேன்.

நேற்று ஞாயிறு, முதல் நாள். ஒரு பக்கம் மண்மேடு. மறுபக்கம் பனியில் நாணல். நகராட்சி ஆள் குளிரில் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள், என் மணிக்கட்டில் அவள் விரல்கள், ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போன நுனிகள்.

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். விரல் அசையவில்லை. ஐந்து. என் நாடி அவள் விரலில் இடிப்பதுதான் தெரிந்தது. நான் பேசாமல் இருந்த நாட்களில் அவை கிளம்பிப் போய்விட்டனவோ? நான் எழுதிய பொய்ப் பூஜ்யம் நிஜமாகிவிட்டதோ? ஏழு. எட்டு. நகராட்சி ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டி நாணல் எல்லாம் கலங்கி ஒன்றாகிவிட்டது, தம்பி.

ஒன்பதாவது நிமிடம் தாண்டி, ஒரு தட்டு.

குளிரில் நடுங்குகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினாள். கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அதைப் போட்டு முடிப்பதற்குள் இன்னொரு தட்டு விழுந்தது.

அக்கா